வேருக்கு ஒரு பதக்கம்

சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் பிற்பகல், மண்டபத்திலிருந்து ஓர் இளைஞன் என்னைத் தேடிக்கொண்டு இராமநாதபுரத்துக்கு வந்திருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் தட்டச்சு செய்த இரண்டு தாள்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மோர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஐயா, இதிலே நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்" என்றான்.

எழுத்தாளன் வீட்டுக்குக் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்கள் ரசிகர்கள் என்று நேயர்கள் நினைத்தால் அது என் மேல் உள்ள அன்பைத்தான் காட்டுகிறது. என்னிடம் இதுவரை அதிகமாகக் கேட்கப்பட்ட கையெழுத்து சீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துத்தான். ஆகவே தாளைக் கொஞ்சம் பயத்தோடு வாங்கிப் படித்தேன்.

மனு தமிழக அரசுக்கு எழுதப்பட்டிருந்தது. மேல்நாட்டு மேடைகளில் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா, அதாவது மாதங்கி அருள்பிரகாசம், "தமிழ் வேர்களை உலகறியச் செய்தமைக்காக" அரசு அவரை மரியாதையுடன் வரவழைத்துக் கலைமாமணிக்கு ஒப்பான ஒரு விருது கொடுத்துக் கௌரவிக்க வேண்டும். விழாவை இராமேஸ்வரத்தில் வைக்க வேண்டும். இதுதான் சாரம். கீழே இருபது, முப்பது கையெழுத்துகள். பெரும்பாலும் பிள்ளைகளின் கையெழுத்து.

பையன் மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்தவன். பாம்பன் பாலத்தைப் பார்க்கும் ஆவலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள், அதற்குச் சற்று முன்னாலேயே கடந்து போய்விடும் அந்த வரிசை வீடுகளைக் கவனித்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போகிறவர்களை நிறுத்தி வைத்து, நோய் நொடி இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம் அது. 1983க்குப் பிறகு அக்கரையிலிருந்து படகில் வந்தவர்களுக்கு அதே இடம் அகதி முகாம் ஆயிற்று. போகிறவர்களை வைத்திருந்த கொட்டடி, வருகிறவர்களுக்குக் கூடமாகிவிட்டது. 2021ல் பெயரைக்கூட மாற்றினார்கள். இப்போது அது மறுவாழ்வு முகாம்.

1990ல் எனக்குப் பத்து வயது. இரண்டாவது தடவையாகப் பெருங்கூட்டம் வந்த வருஷம் அது. அப்பாவோடு இராமேஸ்வரம் போயிருந்தபோது, சாலையோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி சுவர்க் கடிகாரம் ஒன்றை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கடிகாரம் ஓடவில்லை. வேறு எதையும் எடுக்க நேரமில்லாதபோது அதை ஏன் எடுத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 'வேர்' என்ற சொல்லைக் கேட்டால் என் நினைவில் வருவது ஆலமரம் அல்ல, அந்தக் கடிகாரந்தான்.

மாயாவைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். ராக் பாடகி என்று சொல்லப்போய் என் அக்காள் மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "மாமா, அது ராப், ராக் வேற" என்றான். கிடாரும் டிரம்ஸும் மின்சாரமும் சேர்ந்து எழுப்பும் சத்தம் எல்லாம் எனக்கு ராக் இசைதான். வகை பிரிக்கும் ஞானம் எனக்கு இல்லை. அந்தப் பெண் 1975ல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, நடுவில் சென்னையிலும் கொஞ்ச காலம் இருந்து, 1986ல் தாயோடு மறுபடியும் லண்டனுக்கே அகதியாகப் போய்ச் சேர்ந்தவர். முதல் இசைத்தட்டுக்குத் தகப்பனார் பெயரை வைத்தார்: 'அருளர்', 2005. அடுத்ததற்குத் தாயார் பெயர்: 'கலா', 2007. அதில் ஒரு பாட்டில் நம் ஊர் உறுமி மேளம் உறுமுகிறது. கோயில் கொடையில் சாமியாட வைக்கும் அதே உறுமி. 2009ல் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து செய்த ஒரு பாட்டு ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கெட்டிக்காரப் பெண், அதில் சந்தேகமில்லை.

இருந்தும் பேனாவை எடுக்க எனக்குக் கை வரவில்லை. மனுவில் இருந்த ஒரு சொல்தான் இடறியது. பாட்டுக்காக என்று எழுதவில்லை. வேருக்காக என்று எழுதியிருந்தார்கள்.

வேருக்காகக் கௌரவிக்கப்படுவது என்றால் என்ன என்பதை நான் அனுபவித்தவன். சில வருஷங்களுக்கு முன்னால் இந்த மாவட்டத்தில் ஓர் ஊரில் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். 'மண்ணின் மைந்தர்' என்று வாசலில் என் முகத்தைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பேசியவர் முக்கால் மணி நேரம் பேசினார். பனைமரத்தைப் புகழ்ந்தார், கருவேலங்காட்டைப் புகழ்ந்தார், குடிதண்ணீருக்கு நாம் பட்ட பாட்டைப் புகழ்ந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, நான் எழுதவே எழுதாத ஒரு நாவலின் பெயரைச் சொல்லி, அதைப் படித்துக் கண்ணீர் விட்டதாகச் சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கைகூப்பி வாங்கிக்கொண்டேன். மறுத்துப் பேசத் துணிவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எந்த நாவலுக்குப் போர்த்தினாங்க?" என்று கேட்டாள். "பனைமரத்துக்கு" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

நான் இந்த ஊரில் பிறந்ததில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அது என் தாய்க்குப் பிரசவ வலி எடுத்த இடம், அவ்வளவுதான். செய்த காரியத்தை விட்டுவிட்டுப் பிறந்த இடத்தைப் பாராட்டும்போது, பாராட்டுகிறவர்கள் உண்மையில் தங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொள்கிறார்கள். நம் கழுத்தைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு கழகமோ மன்றமோ இதைச் செய்தால் நஷ்டம் ஒரு பொன்னாடையோடு போயிற்று. அரசாங்கம் செய்யும்போது விஷயம் வேறு.

வேரைத் தேடித் தோண்ட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்பதும் எளிதல்ல. குயீன் என்ற இசைக்குழுவின் பாடகர் பிரெட்டி மெர்குரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் குஜராத்திப் பார்ஸிகள். குடும்பப் பெயர் புல்ஸாரா. வல்சாட் ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. 1946ல் அவர் பிறந்தது ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில். படித்தது நம் மராட்டிய மலைநாட்டுப் பஞ்சகனியில், விடுதிப் பள்ளியில். பியானோ பழகியதும் மாணவர்களோடு முதல் இசைக்குழு வைத்ததும் அங்கேதான். 1964ல் சான்சிபாரில் புரட்சி வெடித்ததும் குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடிற்று. (அதே 1964ன் டிசம்பரில்தான் எங்கள் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது, அந்த வருஷம் கடலோரத்து மனிதர்களுக்கு ஆகாத வருஷம்.) 1991ல் அவர் இறந்தார். 1999ல் பிரிட்டன் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 2006ல் அவர் பிறந்து 60 வருஷம் ஆனதைச் சான்சிபாரில் கொண்டாட ஏற்பாடு நடந்தபோது, அவர் வாழ்ந்த விதம் எங்கள் சமயத்துக்கு ஆகாது என்று அங்கேயே ஒரு சமயக் குழு எழுந்து நின்று தடுத்தது. பிறந்த மண்ணே 'எங்கள் வேர் இல்லை' என்று சொன்னால் மனுவை எந்த ஊருக்கு எழுதுவது? வல்சாட்டுக்கா, பஞ்சகனிக்கா?

தூரதேசம் எதற்கு? இராமேஸ்வரத்திலேயே நடந்தது. 1997ல் அப்துல் கலாம் அவர்களுக்குப் பாரத ரத்னா கொடுத்தபோது எனக்குப் பதினேழு வயது. எங்கள் தெருவில் பலகாரக் கடைக்காரர் வந்தவர்களுக்கெல்லாம் சும்மா மிக்சர் கொடுத்தார். நாங்கள் ராக்கெட் விட்டதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். ஆனால் கவனியுங்கள், அந்தப் பட்டம் அவர் செய்த வேலைக்குக் கொடுத்தது; எங்களுக்குப் பெருமை இலவசமாக வந்தது. 2017ல் பேய்க்கரும்பில் அவருடைய நினைவிடத்தைத் திறந்தார்கள். அங்கே அவர் வீணை வாசிப்பதுபோல ஒரு சிலை. பக்கத்தில் பகவத் கீதை. உடனே, கீதை ஏன், குறள் எங்கே என்று ஒரு சச்சரவு கிளம்பிற்று. பிறகு குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கும் ஒரு ஆட்சேபம். வேலையைப் போற்றியபோது ஊர் ஒன்றாக மிக்சர் தின்றது. வேரைத் தோண்டியதும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "பழைய காலத்து ராசாக்கள் எல்லாம் கலைஞருங்களைக் கௌரவிக்கலையா ஐயா? சேதுபதி மகாராசா செய்யலையா?" என்றான். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்திருக்கிறான்.

செய்தார்கள். பையன் கேட்ட பிறகுதான் நானே அதை யோசித்துப் பார்த்தேன். பாஸ்கர சேதுபதி 1893ல் விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகும்படி தூண்டி உதவ முன்வந்தவர்களில் ஒருவர். அப்போது அந்தச் சாமியார் பேர் தெரியாத பரதேசி. அவர் பிறந்தது வங்காளம். இராமநாதபுரத்து மண்ணுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1897 ஜனவரி 26ல் உலகப் புகழோடு திரும்பிப் பாம்பனில் வந்து இறங்கியபோது, வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஊராரோடு சேர்ந்து ராஜாவும் வண்டியை இழுத்தார். நினைவுத்தூண் நிறுத்தி அதில் 'சத்யமேவ ஜயதே' என்று பொறித்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. இராமேஸ்வரம் கோயிலில் விவேகானந்தர், ஏழையிடத்தில் சிவனைக் காண்பதே பூஜை என்று பேசினார். ராஜா அதைக் கேட்டு ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். அவருடைய சமஸ்தானம் கடனில் முழுகியதற்கு இந்தக் கையும் ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல கைதான்.

அந்தக் கௌரவத்தில் வேர் எங்கே இருக்கிறது? உதவி, புகழ் வருவதற்கு முன்னாலேயே போயிற்று. மாலை, செய்த காரியத்துக்கு விழுந்தது. விழாவின் பலன், வந்தவரோடு நிற்காமல் இந்தக் கடற்கரையில் பசியோடு இருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

சங்கீதத்திலும் அப்படித்தான். தேவகோட்டையில் பிறந்த பூச்சி ஐயங்காரை, பெரிய வித்வானான பிறகு பார்த்துச் சால்வை போர்த்தியவர் அல்ல பாண்டித்துரைத் தேவர். அதற்கு முன்பே குரல் வளத்தைக் கண்டு பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பாடம் கேட்க அனுப்பினார். அவர் பின்னால் இராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார் ஆனார். அரியக்குடிக்குக் குரு ஆனார். 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் பாட்டைக் கற்பித்த இராமநாதபுரம் கிருஷ்ணன், அங்கேயே நெடுங்காலம் மிருதங்கம் சொல்லிக்கொடுத்த அவர் சகோதரர் ராகவன், இவர்களுடைய பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் நிற்கிறதே, அதை எந்த சர்க்காரும் கெஜட்டில் போட்டுக் கொடுக்கவில்லை. கேட்டவர்கள் கொடுத்தார்கள். காது கொடுத்த பட்டம்.

நவீன அரசாங்கங்கள் காதால் கொடுப்பதில்லை. 1965ல் பீட்டில்ஸ் பையன்கள் நால்வருக்கும் பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. விருது கொடுத்தது. அப்போது பிரதமர் ஹெரால்ட் வில்ஸன். அவருடைய தொகுதி, அந்தப் பையன்களின் ஊரான லிவர்பூலை ஒட்டி இருந்தது. ஓட்டர்களுக்கும் காது உண்டு என்பதை அவர் அறிந்திருப்பார். சண்டையில் அடிபட்டு அதே பதக்கம் வாங்கிய சிலர் கோபித்துக்கொண்டு தங்களுடையதைத் திருப்பி அனுப்பினார்கள். 1969ல் ஜான் லெனனே தம்முடையதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பியாப்ரா, வியட்நாம் இரண்டையும் கண்டித்து எழுதிய கடிதத்தில், தம்முடைய புதுப் பாட்டு விற்பனையில் இறங்கிப்போனதையும் ஒரு காரணமாகச் சேர்த்திருந்தார். மனிதர் வேடிக்கைக்காரர்.

அதே எம்.பி.இ. விருது மாயாவுக்கு 2019ல் அறிவிக்கப்பட்டு, 2020 ஜனவரியில் இளவரசர் வில்லியம் கையால் கொடுக்கப்பட்டது. இசைக்காக என்றுதான் கொடுத்தார்கள். வேரைப் பற்றி ராஜாங்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேரைப் பற்றிப் பேசியது அந்தப் பெண். தம் தாயார் அகதியாக வந்த நாள் தொட்டுப் பல வருஷங்கள், குறைந்தபட்சக் கூலிக்கு, இந்தப் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுத்த வேலைக்காரி என்றும், அந்த உழைப்பைக் கௌரவிக்கவே இதை வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. கதைக்காரன் கற்பனை செய்து எழுதியிருந்தால், 'ரொம்ப ஜோடனை' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

பையனுக்கும் இந்தச் சங்கதி தெரியும். "எங்கம்மாவும் தையல்தான்" என்றான். மறுவாரம் மண்டபம் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, முகாமுக்கு வெளியே சாலையோரத்தில் அந்த அம்மாள் வேலை செய்யும் தையற்கடையில் அவன் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினான். ஐம்பது வயது இருக்கும். மன்னார்ப் பக்கத்திலிருந்து சிறுமியாகப் படகில் வந்தவர். பேச்சில் அக்கரை இன்னும் இருந்தது. மகன் பதக்கக் கதையைச் சொல்லி முடித்ததும் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "ஐயா, ஒரு மெடலுக்கு எவ்வளவு கூலி குடுத்தவையாம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

"சின்னச் சாமான் தைக்கிறதுதான் ஐயா கண்ணைப் பிடுங்கிற வேலை. ஜாக்கெட்டுக்கே இவ்வளவு குறைச்சுக் கேக்கினம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.

விருதைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் ஒன்றுகூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி இன்னொன்றையும் யோசித்தேன். இந்தப் பையன் பிறந்தது மண்டபத்தில். எனக்கும் அவனுக்கும் பிறந்த மாவட்டம் ஒன்றே. ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த ஒருவன், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறந்த காரணத்தால் மட்டும் குடிமகன் ஆக முடியாது. சட்டம் அப்படி. 2019ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்த சிலருக்கு வழி விட்டபோதும் இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மாநில அரசு இவர்களுக்கு வீடு கட்டித் தருகிறது, உதவித்தொகை தருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது என்பதும் வாஸ்தவம். ஆனாலும் விசித்திரத்தைப் பாருங்கள். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மறுபடியும் லண்டனுக்கே போன ஒரு பெண்ணுக்கு இங்கே 'வேர்' இருக்கிறதென்று போற்றும்படி மனுக் கொடுக்கிறவன், இருபத்து நாலு வருஷமாக இந்த மணலில் நடந்தும் தனக்கு இங்கே வேர் இல்லை என்று காகிதம் வைத்திருக்கிறவன். புகழ் வந்தால் வேரைக் கடல் கடந்தும் கண்டுபிடிக்கலாம். புகழ் இல்லாவிட்டால் காலடியில் இருக்கும் வேரும் கண்ணுக்குத் தெரியாது.

அவனிடம் இப்படியே சொன்னேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"அது எனக்குத் தெரியாதா ஐயா? எனக்குக் காகிதம் வேணும்னு நூறு மனுப் போட்டாச்சு. பதில் இல்லை. இந்த மனுவுக்குப் பதில் வரும். அவங்க இராமேஸ்வரம் வந்து மேடையிலே நிக்கிற அன்னைக்கு, முகாம்னு ஒண்ணு இருக்கிறதை நாலு பேப்பர்காரன் எழுதுவான். எங்க வீட்டுச் சின்னப் பிள்ளைங்க 'அகதி'ங்கிற வார்த்தையைத் தலை நிமிந்து சொல்லும்."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பதினேழு வயதில் நான் சும்மா தின்ற மிக்சரின் ருசி இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்த ருசியை அவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று சொல்ல நான் யார்?

ஆனால் அவன் நினைக்கிற விழா எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும். மேடையில் பனைமரத்தைப் புகழ்வார்கள். அந்தப் பெண் சும்மா இருக்கிற ரகமும் இல்லை. 2012ல் அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பந்தய விழாவில் நடுவிரலைக் காட்டி வழக்கு வரை போனவர். எல்லை வேலிகளையும் ஏறிக் குதிக்கிற அகதிகளையும் பற்றி 2015ல் பாட்டுப் பாடியவர். வேர் பிடிக்கும் சர்க்காருக்கு முள் பிடிக்க வேண்டுமே! முள் குத்துகிற அன்றைக்கு, 'எங்கள் வேர்' என்றவர்களே 'எங்கிருந்தோ வந்தவள்' என்பார்கள். பாட்டுக்காகக் கொடுத்தால் முள்ளும் பாட்டோடு சேர்ந்தது என்று பேசாமல் இருக்கலாம்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். "தமிழ் வேர்களை உலகறியச் செய்தமைக்காக" என்ற வரியை அடித்தேன். மேலே, "அவருடைய இசைக்காக" என்று எழுதினேன். அதன் கீழே இடம் நெருக்கமாக இருந்தது, பொடி எழுத்தில், "மண்டபத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அவர்கள் பிறந்த ஊரைச் சொந்தமாக்கும்படி இந்த அரசு மத்திய அரசை வற்புறுத்த வேண்டும், விழா அதற்குப் பிறகு நடக்கலாம்" என்று சேர்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

பையன் வாங்கிப் படித்தான். முகம் கொஞ்சம் வாடியது.

"வேர் இல்லைன்னா இவங்க எதுக்கு ஐயா குடுக்கப் போறாங்க?" என்றான்.

"பாட்டைக் கேட்டுட்டுக் குடுக்கட்டும்."

"அடிச்சு எழுதின மனுவை வாங்க மாட்டாங்களே. திரும்ப டைப் அடிக்கணும். இத்தனை பேர்கிட்டயும் திரும்பக் கையெழுத்து வாங்கணும்."

அது உண்மைதான். டைப் செலவை நான் கொடுப்பதாகச் சொன்னேன். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தாளை உறைக்குள் வைத்துக்கொண்டு, "அம்மா கேட்டதையும் சேத்திருக்கலாம் ஐயா, அந்தக் கூலி விஷயம்" என்றான். பேனாவை மறுபடியும் திறந்தேன். தாளில் இடம் இல்லை.